மணலுக்கு வழிவிட்ட பாலம்

மரக்காணத்து உப்பளங்களுக்குக் கடல் மிக அருகில் இருக்கிறது. ஆனாலும் அங்கே வாரிய உப்பு நெடுங்காலம் கால்வாய்ப் படகில்தான் சென்னைக்குப் போயிற்று. காக்கிநாடாவில் தொடங்கி, கடற்கரையை ஒட்டியே தெற்கே இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடம் மரக்காணம்தான். பக்கத்தில் கடல் விரிந்து கிடக்க, அதற்கு இணையாக நிலத்தில் ஏன் கால்வாய் வெட்டினார்கள்? சோழமண்டலக் கரையில் சரக்கைக் கடலில் ஏற்றுவதும் கடலிலிருந்து இறக்குவதும் அவ்வளவு கடினமாக இருந்தது.

அலை உடைவதை ஆழம் தீர்மானிக்கிறது. நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு உயரத்தை அலை எட்டியதும் அதன் தலை முன்னே சாய்ந்து நொறுங்கும். ஒரு மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். நான்கு மீட்டர் உயரப் புயல் அலை ஐந்து மீட்டர் ஆழத்துக்கு வந்தவுடனே உடைந்துவிடும். நம் கரையில் விரிகுடாவோ தீவோ பாறை முனையோ குறுக்கே இல்லை. வங்கக்கடலைக் கடந்து வரும் அலை முழு வலிமையோடு கரைக்கு வந்து உடைகிறது. கப்பல்கள் ஆழக்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை சலங்கு என்றும் மசூலா என்றும் அழைக்கப்பட்ட படகுகள். ஆணியே இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தவை அவை. ஆணி அடித்த படகு அலையின் அடியில் பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பும். இந்தக் கரையில் பிறந்த பொறியியல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தையல்தான்.

மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கம் அருகில், ஆலம்பரைக் கோட்டை சிதைந்து கிடக்கிறது. 1750இல் அது பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்தது; பத்தாண்டுகளில் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். அங்கே கடலுக்குள் நீண்ட படகுத்துறை ஒன்று இருந்ததாகவும், உப்பும் நெய்யும் துணியும் அதன் வழியே போனதாகவும் சொல்வார்கள். அந்தத் துறையைப் பார்க்க இன்று வழியில்லை. அலை உடையும் வரிசையை மேலே நடந்து தாண்டிவிட வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பழையது என்பதற்கு அந்தப் பேச்சே போதும்.

அந்த ஆசை இரும்பில் நிறைவேறியது 1866இல். மரக்காணத்திலிருந்து தெற்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் உள்ள புதுச்சேரியில், பிரெஞ்சு அரசு கட்டிய கடல் பாலம் அந்த ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. அதே 1866இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ‘வெஸ்ட் பியர்’ என்ற உல்லாசக் கடற்பாலம் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய யூஜீனியஸ் பர்ச் இந்திய ரயில்பாதை வேலையிலும் ஈடுபட்டவர். இரும்புத் தூண்களின் மேல் பலகைத் தளம் போட்டு நீளமாகக் கடலுக்குள் செல்லும் அந்த அமைப்புக்கு அடிப்படையாக இருந்தது திருகுத் தூண். அயர்லாந்தைச் சேர்ந்த, கண்பார்வை இழந்த பொறியாளர் அலெக்சாண்டர் மிட்செல் 1833இல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு அது. தூணின் அடியில் அகன்ற திருகு இலை ஒன்று இருக்கும். அடித்து இறக்காமல் திருகியே மணலுக்குள் இறக்குவார்கள். மணலில் தூண் நிற்காது என்ற பழைய அச்சத்தை அது போக்கியது. சென்னையில் 1861இல் முடிந்த, சுமார் 335 மீட்டர் நீளக் கடல் பாலமும் திருகுத் தூண்களில் நின்றதுதான். அதை 1868, 1872 புயல்கள் அடுத்தடுத்துச் சிதைத்தன.

பிரைட்டன் பாலம் பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்டது. கட்டணம் கொடுத்து மக்கள் நடந்தார்கள். புதுச்சேரிப் பாலம் வேலைக்காகக் கட்டப்பட்டது. தண்டவாளமும் பளுதூக்கியும் அதன்மேல் இருந்தன. நிலக்கடலை மூட்டைகளும் ஆப்பிரிக்கா வரை சென்ற நீலத்துணிப் பொதிகளும் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய காலம் அது. ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கொண்டுபோன கப்பல்களும் இந்தக் கடலில்தான் நங்கூரமிட்டு நின்றன. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அன்றைய பிரெஞ்சு அஞ்சலட்டைகளில் இந்தப் பாலம் திரும்பத் திரும்ப வருகிறது. சரக்கு இறங்கும் அதே பலகைகளின் மேல் ஆட்கள் காற்று வாங்க நிற்பதையும் பார்க்கலாம். 1836இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொண்டுவந்து நட்ட கல்தூண்கள், அவற்றின் முன்னே கடலுக்குள் ஓடிய பாலம் என்று புதுச்சேரிக் கடற்கரைக்கு ஒரு முகம் அமைந்திருந்தது. உல்லாசம் என்று பெயர் வைக்காமலே ஊர் அதை உல்லாசமாக்கிக்கொண்டது.

பாலத்தின் நீளத்தையும் அதன் முடிவையும் நிர்ணயித்தது முன்பு சொன்ன ஆழக் கணக்கேதான். அன்றாட அலை உடையும் வரிசையைத் தாண்டினால்தான் படகு அமைதியாக அணைய முடியும். எனவே பாலத்தின் தலை அதற்கு அப்பால் நிற்க வேண்டும். புயல் நாளில் அலை உயர உயர, உடையும் வரிசை ஆழத்தை நோக்கி நகர்கிறது. அமைதியான நீரில் நின்ற பாலத்தலை அன்று நொறுங்கும் அலைகளுக்கு நடுவில் நிற்கிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் தூணின் மேல் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். அதைவிடக் கொடியது அடியிலிருந்து வரும் இடி. அலையின் உச்சி தளத்தின் அடிப்பக்கத்தை எட்டிவிட்டால் தளத்தையே மேல்நோக்கித் தூக்கி அடிக்கிறது. கீழ்நோக்கிய சுமையைத் தாங்கக் கட்டிய இணைப்புகள் மேல்நோக்கிய இழுப்பில் கழன்றுவிடும். 1952 புயலில் புதுச்சேரியின் இரும்புப் பாலம் அழிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1954 நவம்பர் 1 அன்று, பிரெஞ்சு ஆட்சியும் புதுச்சேரியை விட்டு விலகியது. பழைய பாலத்தின் அடிக்கட்டைகள் கடலில் எஞ்சி நின்றன.

இரண்டாவது பாலத்தை இந்தியா கட்டியது. 1956இல் தொடங்கி 1962இல் முடிந்தது. இடம் சற்றுத் தெற்கே, வம்பாகீரப்பாளையத்தை ஒட்டி. கட்டுமானம் கம்பியும் கான்கிரீட்டும். புதுச்சேரிக்காரர்கள் பழைய துறைமுகப் பாலம் என்று சொல்வது இதைத்தான். திருவனந்தபுரத்தின் வலியதுறையிலும் பழைய பாலம் 1947இல் கப்பல் மோதி வீழ்ந்தபின் 1956இல் கான்கிரீட்டில் புதியது வந்தது. கான்கிரீட் துருப்பிடிக்காது, அதனால் நிலைக்கும் என்று நம்பிய தலைமுறை அது. அந்த நம்பிக்கை எங்கே தவறியது என்பதை உப்பளக்காரர்களிடமிருந்தே புரிந்துகொள்ளலாம்.

உப்பளத்தில் நடப்பது இதுதான்: உப்புநீரைத் தட்டையான பாத்திகளில் பரப்பி வெயிலுக்குக் கொடுக்கிறார்கள். கடல்நீரின் அடர்த்தி, அடர்த்திமானியின் அளவில், சுமார் 3 டிகிரி. அது ஏற ஏற முதலில் சுண்ணமும் பிறகு ஜிப்சமும் படிகின்றன. 25 டிகிரியை ஒட்டி வந்தபின்தான் உப்பு பூக்கத் தொடங்குகிறது. கைப்பான மக்னீசிய உப்புகள் படியும் முன்னே மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். நனைத்தல், காய்தல், மறுபடி நனைத்தல் என்ற இந்தச் சுழற்சியால்தான் லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீர் கட்டி உப்பாக மாறுகிறது.

கடல் பாலத்தின் தூணில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, இதே வேலை ஒவ்வொரு நாளும் நடக்கிறது. அலை தெறித்து நனைக்கிறது, வெயில் காயவைக்கிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் உப்பு மிஞ்சுகிறது. அடுத்த அலை அதைக் கரைத்து இன்னும் உள்ளே தள்ளுகிறது. எப்போதும் நீருக்கடியில் இருக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் குறைவாகக் கிடைப்பதால் அங்கே அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். தெறிப்புப் பகுதியில் உப்பு, ஈரம், காற்று, வெப்பம் நான்கும் சேர்ந்து கிடைக்கின்றன. பிரைட்டனில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஆறு மீட்டர் வரை போகும். புதுச்சேரியில் அது ஒரு மீட்டர்கூட இல்லை. எனவே நம் கரையில் இந்தத் தாக்குதல் ஆண்டு முழுதும் ஒரே குறுகிய பட்டையின் மீது விழுகிறது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சும்மா துருப்பிடிப்பதில்லை. சிமென்ட்டின் கடும் காரத்தன்மை கம்பியைச் சுற்றி மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு போதிய அளவு உள்ளே போய்ச் சேர்ந்ததும் அந்தப் படலம் அங்கங்கே கிழிகிறது. அதன்பின் வரும் துரு, தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கிறது. ஆலங்கன்றின் வேர் சுவரைப் பிளப்பதுபோல் அது உள்ளிருந்தே கான்கிரீட்டை விரிக்கும். விரிசல் விழுந்தால் உப்புநீருக்கு நேர்வழி கிடைத்துவிடும். பழைய வார்ப்பிரும்புத் தூண்களில் நடந்தது வேறு வகை. இரும்பு மெல்லக் கரைந்துபோக, கரி வடிவம் மட்டும் மிஞ்சும். தூண் பார்வைக்கு முழுதாகத் தெரியும்; கத்தியால் சுரண்டினால் உதிரும்.

மேலே உப்பு என்றால் கீழே மணல். தூணை நோக்கி வரும் நீரோட்டம் அதன் முன்பக்கத்தில் கீழ்நோக்கித் திரும்பி, அடியில் சுழலாகி, லாட வடிவில் தூணைச் சுற்றிக்கொண்டு மணலைத் தோண்டுகிறது. தொடர்ந்து ஓடும் நீரோட்டத்தில் தூணின் விட்டத்தைவிடச் சற்று அதிக ஆழத்துக்குக் குழி விழும். தூணை ஆழமாக இறக்கியிருந்தால் இது தாங்கக்கூடியதே. ஆனால் அந்தக் கணக்கில் கடற்கரையின் பொது மணல்மட்டம் மாறாமல் இருக்கும் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. புதுச்சேரியில் மாறியது அந்தப் பொது மட்டம்தான்.

இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலை, மணலைச் சாய்வாகவே கரைமேல் ஏற்றுகிறது. திரும்பும் நீர் நேராகக் கீழே இறக்குகிறது. ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல்துகள் சற்றே வடக்கே நகர்கிறது. வாடைக் காற்றின் மாதங்களில் இந்த ஓட்டம் தெற்கே திரும்பும். தெற்கத்தி அலைகளின் மாதங்கள் அதிகம் என்பதால் ஆண்டு முடிவில் வடக்கு நோக்கிய பயணமே மிஞ்சுகிறது. ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படி நம் கண்ணெதிரே நடந்து போகிறது. புதுச்சேரியைக் கடந்த மணல்தான் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் தாண்டி மரக்காணத்துக் கரைக்கும் வந்தாக வேண்டும்.

கடல் பாலம் இந்த ஓட்டத்தை மறிக்கவில்லை. அதன் தூண்கள் மெலிந்தவை, இடைவெளி பெரியது. மணல் கால்களுக்கு இடையே புகுந்து போய்விடும். இரும்புப் பாலம் 86 ஆண்டுகள் நின்றபோதும் அதன் இருபுறமும் புதுச்சேரிக்கு அகன்ற மணற்கரை இருந்தது. பாலத்தை நான் இவ்வளவு நேசிப்பதற்கு அதுவே காரணம்.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் புதிய துறைமுகத்துக்காக இரண்டு கல் அலைத்தடுப்புகள் கட்டப்பட்டன. அவை மணலுக்குக் குறுக்கே நிற்கும் சுவர்கள். தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அந்த வேலை தொடர்ந்து நடக்கவில்லை. சுவரின் தெற்கே கரை வளர்ந்தது. வடக்கே நகரின் கடற்கரை கரைந்து போனது. கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். கல் அணைத்த இடத்தில் கரை நிற்கும். ஆனால் பசித்த அலை தன் மணலை அடுத்த கிராமத்தில் தேடிக்கொள்ளும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று அரிப்பு வடக்கே ஏறியது. மாநில எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பத்தையும் சின்ன முதலியார்சாவடியையும் எட்டியது. அங்கே வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இருந்த மணல் போயிற்று, வீடுகளும் போயின. துறைமுகத்தால் ஒரு பயனும் அடையாத மீனவர்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள். இது வெறும் தொழில்நுட்பப் பிழையென்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் முன்பே தெரியாததும் அல்ல. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் 1876இல் தொடங்கிய வேலை. 1881 புயல் அவற்றைச் சிதைத்தும் மீண்டும் கட்டினார்கள். தெற்கே மணல் குவிந்து கடல் பின்வாங்கியது. கவர்னர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்த கரை அப்படித்தான் இத்தனை அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்து, இன்று கல்வரிசைதான் கடலைத் தடுக்கிறது. மெரினாவின் மணலில் ராயபுரத்தின் பங்கும் இருக்கிறது. புதுச்சேரியில் சுவர் எழுவதற்கு நூறாண்டு முன்பே இந்தப் பாடம் 150 கி.மீ. வடக்கே எழுதப்பட்டிருந்தது.

ஆறுகளும் கை கொடுக்கவில்லை. தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் சாத்தனூர் அணை வந்தது. அணைகளில் நின்றது போக, ஆற்றுப்படுகையில் அள்ளியது போக, கடலுக்கு வந்த மணல் குறைந்தது.

இரண்டாவது பாலம் இந்தச் சூழலில்தான் முதுமை அடைந்தது. சரக்கு வராத பாலத்துக்குப் பராமரிப்புப் பணம் ஒதுக்க எந்தத் துறைக்கும் அவசரம் இருக்காது. தூண்டில் போடுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் வந்து போனார்கள். 2022 மார்ச் மாதம், அந்தப் பருவத்தில் அரிதாகவே வரும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று வங்கக்கடலில் உருவானது. மார்ச் 6 அன்று அதன் அலைகளில் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. புயலாகக்கூட வலுக்காத ஒரு கொந்தளிப்பு அது. 2011இல் இதே கரையைக் கடந்த தானே புயலையும், 2020இல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரையேறிய நிவர் புயலையும் தாங்கிய பாலம். அரை நூற்றாண்டுக்கு மேல் உள்ளே ஊறிய உப்புதான் அதைச் சாய்த்தது, அலை கடைசித் தள்ளு மட்டும் கொடுத்தது என்றே நான் நினைக்கிறேன்.

பிரைட்டன் பாலத்தின் கதியும் மாறுபட்டதல்ல. 1975இல் மூடினார்கள், 2002இல் ஒரு பகுதி சரிந்தது, 2003இல் தீயில் எரிந்தது. பிரிட்டனில் ஒருகாலத்தில் நூறு வரை இருந்த உல்லாசப் பாலங்களில் அறுபதை ஒட்டியவைதான் மிஞ்சியிருக்கின்றன. எஞ்சியவை எஞ்சியதற்குக் காரணம், தூண் தூணாக, பலகை பலகையாக மாற்றிக்கொண்டே இருந்ததுதான். கடலில் நிற்கும் எதுவும் ஒருமுறை கட்டி முடிவதில்லை.

கலிஃபோர்னியாவின் லா ஹொயாவில் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் பாலத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கம் வரும். 1916 முதல் அங்கே கடல்நீரின் வெப்பநிலையைத் தினமும் அளந்து எழுதி வருகிறார்கள். 1988இல் புதிய பாலம் கட்டியபோதும் அளவை நிற்கவில்லை. கடல் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று இன்று பேச அந்த நூறாண்டுக் குறிப்பேடு உதவுகிறது. ஜப்பானின் ஹசாக்கி கரையில் 1986இல் கட்டிய 427 மீட்டர் ஆய்வுப் பாலத்திலிருந்து கடலடி மணலின் மட்டத்தை அளந்து வருகிறார்கள். மணல் எந்தப் பருவத்தில் எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது என்பதை வேறெப்படி இவ்வளவு துல்லியமாக அறிய முடியும்? புதுச்சேரியில் 1866 முதல், இரண்டு பாலங்களுக்கும் இடைப்பட்ட பத்தாண்டு நீங்கலாக, கடலுக்குள் நடந்து போக வழி இருந்தது. பாலத்தின் தலையிலிருந்து மாதம் ஒருமுறை ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் குறித்திருந்தாலே, அலைத்தடுப்புகள் எழுந்தபின் மணல்மட்டம் இறங்கியதை ஊரார் தங்கள் கணக்கேட்டிலேயே காட்டி வாதாடியிருக்கலாம். உலாவவும் மீன் பிடிக்கவும் மட்டுமல்ல, அளக்கவும் கடல் பாலம் தகுந்த இடம்.

புதுச்சேரியில் திருத்தும் முயற்சிகள் நடக்காமலில்லை. 2018இல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகுப் பெட்டி ஒன்றை மூழ்கடித்தது. துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். அலை அந்தத் தடையின் மேல் ஏறித் தளர்வதால் அதன் பின்னே மணல் தங்கியது. பல ஆண்டுகளுக்குப் பின் குழந்தைகள் அந்தக் கரையில் மணல் அளைந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் மணல் அங்கே தங்கினால் வடக்கே போகும் பங்கு என்ன ஆகிறது என்ற கேள்வியையும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.

மரக்காணத்தில் இந்தக் கேள்வி வந்துவிட்டது. உப்பளங்கள் கடலுக்கு நேரே திறந்து கிடப்பவை அல்ல. மணல்மேட்டுக்குப் பின்னால், கால்வாயையும் கழுவேலி நீர்நிலையையும் ஒட்டி இருப்பவை. அந்த மணல்மேடுதான் உப்பளங்களுக்கும் குப்பங்களுக்கும் அரண். கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அது கடலைச் சேரும் முகத்துவாரத்தில், அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக்குப்பத்திலும் மீன்பிடித் துறைமுகங்கள் அமைக்க அரசு திட்டமிட்டது. 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதற்கான அனுமதியை நிறுத்தி வைத்தது.

படகைப் பாதுகாப்பாக அணைக்க ஓர் இடம் வேண்டும் என்ற மீனவர்களின் கோரிக்கை நியாயமானது. முகத்துவாரத்தில் அலை கவிழ்த்த படகுகளில் உயிர் போயிருக்கிறது. ‘இயற்கையைத் தொடாதே’ என்று மட்டும் சொல்லி அவர்களுக்குப் பதில் சொல்லிவிட முடியாது. கேட்க வேண்டியது, கட்டுவது மணலை எப்படிக் கடக்கவிடும் என்பதே. தூண்களின்மேல் நிற்கும் இறங்குதுறை போதுமென்றால் கல் சுவர் எதற்கு? சுவர்தான் வேண்டும், அலை அடங்கிய நீர்ப்பரப்பு இல்லாமல் முடியாது என்றால், தெற்கில் தேங்கும் மணலை வடக்கே மாற்ற ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர், எந்த இயந்திரம், யார் பொறுப்பு, எந்தத் தலைப்பில் பணம் என்பவை கட்டுமானச் செலவோடு அதே கோப்பில் இருக்க வேண்டும். முதல் கல் கடலில் விழும் முன்பே அடுத்த முப்பது ஆண்டுகளுக்கான மணல் செலவு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இப்போதிருந்தே தந்திராயன்குப்பம் முதல் ஆலம்பரை வரை குப்பத்துக்கு ஒரு கம்பம் நட்டு, பருவத்துக்கு ஒருமுறை மணல்மட்டத்தைக் குறித்துவைக்கலாம். அதற்குத் துறைமுகமும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். அந்தந்தக் குப்பத்துப் பள்ளி மாணவர்களே செய்துவிடக்கூடிய வேலை.